புள்ளி முதலில், எழுத்து பிறகு: தமிழ் டைப்ரைட்டர் வேலை செய்த விதம்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெரியவர் தன் பேரனுக்குத் தமிழ் டைப்ரைட்டரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "தமிழில் மொத்தம் 247 எழுத்து இல்லையா? அதனால் அந்த மெஷினில் 247 பொத்தான் இருக்கும். இந்த மேசை அகலத்துக்கு இருக்கும்" என்று கையை விரித்துக் காட்டினார். பேரன் நம்பிவிட்டான். மறுத்துச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். சூடான சாம்பாரை விட்டுவிட்டு டைப்ரைட்டரைப் பற்றிப் பேசும் அளவுக்கு நான் இன்னும் பற்றற்றவன் ஆகவில்லை.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. "ஆங்கில மெஷினில் எழுத்தை மட்டும் மாற்றி ஒட்டினார்கள், அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "கம்ப்யூட்டர் கீபோர்டு மாதிரிதான், திரை மட்டும் கிடையாது" என்பார் இன்னொருவர். "டைப்ரைட்டருக்காகத்தான் தமிழ் எழுத்தையே மாற்றினார்கள்" என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. மூன்றிலும் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி முக்கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பல ஆண்டுகள் தமிழ் மெஷினோடு குடித்தனம் நடத்தியவன் நான். மெஷினைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியும்படி அடியிலிருந்து தொடங்குகிறேன்.

## அஞ்சலக முத்திரை

அஞ்சலகத்தில் கடிதத்தின் மேல் முத்திரை குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். முத்திரையை மையில் ஒற்றி, ஸ்டாம்பின் தலையில் ஓங்கி ஒரு குத்து. டைப்ரைட்டர் செய்வதும் இதே வேலைதான். ஒரு முத்திரைக்குப் பதிலாக நாற்பத்துச் சொச்சம் மெல்லிய இரும்புக் கைகள் அரைவட்டமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் எழுத்து முத்திரை. இந்தக் கைக்கு டைப் பார் என்று பெயர். நாம் விரலால் அமுக்கும் பொத்தான் விசை. விசையை அமுக்கினால் அதற்குரிய டைப் பார் படமெடுத்த பாம்பைப் போல எழுந்து, மையில் ஊறிய துணி நாடாவின் மேல் அடிக்கும். அந்த நாடாதான் ரிப்பன். ரிப்பனுக்குப் பின்னால் தாள், தாளுக்குப் பின்னால் ரப்பர் உருளை. அடி விழுந்த இடத்தில் எழுத்து பதிந்துவிடும்.

டைப் பாரின் நுனியை உற்றுப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முத்திரைகள் தெரியும். வழக்கமாகக் கீழே இருப்பது ஒன்றுதான் தாளில் படும். ஷிப்ட் கீ என்ற பக்கவாட்டு விசையை அமுக்கிப் பிடித்தால், டைப் பார்களின் கூடையோ உருளையோ மொத்தமாக ஏறியிறங்கி, இரண்டாவது முத்திரை படும்படி வாகு மாறும். ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மெஷினில் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்க முடியும். ஷிப்ட் கீ வந்தது 1878இல், இரண்டாவது மாடலில்.

ஒரு சாதாரண அலுவலக மெஷினில் 44 அல்லது 46 விசைகள் இருக்கும். ஷிப்டைச் சேர்த்துக்கொண்டால் அதிகபட்சம் 92 முத்திரைகள். எண்கள், காற்புள்ளி, கேள்விக்குறி, அடைப்புக்குறி எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். இடப் பஞ்சம் ஆங்கிலத்துக்கும் இருந்தது. பழைய ஆங்கில மெஷின்கள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்கு விசையே கிடையாது. சிறிய 'எல்' எழுத்தை அடித்து ஒன்றாகப் பாவித்துக்கொள்வார்கள். இருபத்தாறு எழுத்துக்காரனுக்கே இந்த நெருக்கடி.

## கோயில் வரிசை

எல்லா டைப் பார்களும் ஒரே ஒரு புள்ளியில்தான் வந்து அடிக்கும். முத்திரை இடம் மாறாது என்றால் தாள்தான் மாற வேண்டும். அதனால் தாளும் உருளையும் ஒரு வண்டியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. கேரேஜ் என்பது அந்த வண்டி. எழுத்து வலப்பக்கமாக வளர, கேரேஜ் இடப்பக்கமாக நகரும்.

கேரேஜை நகர்த்துவது நம் விரல் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே ஒரு சுருள்வில் அதை ஓயாமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிடியை விட்டால் கடைசிவரை ஓடி முட்டிக்கொள்ளும். வைகுண்ட ஏகாதசியன்று கோயில் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளுகிறது. முன்னால் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஊழியர் யாரையும் இழுப்பதில்லை, தள்ளுவதுமில்லை. ஒருவரை விட்டதும் கம்பியை மூடுகிறார், பிறகு அடுத்தவரை விடுகிறார். டைப்ரைட்டருக்குள் இந்த ஊழியரின் வேலையைச் செய்வது ஒரு பல்சக்கரமும் அதன் பற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கிகளும். இந்த அமைப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். சுவர்க் கடிகாரத்தில் 'டிக் டிக்' என்று கேட்பதும் இதன் சொந்தக்காரன்தான்.

"இப்போது ஒருவரை விடு" என்று ஊழியருக்கு யார் சொல்வது? டைப் பார்கள் எழும்பும் வழியில், அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பட்டை குறுக்கே இருக்கிறது. எந்த டைப் பார் எழுந்தாலும் இந்தப் பொதுப் பட்டையைத் தள்ளும். பட்டை எஸ்கேப்மென்டைத் தட்டும். கேரேஜ் ஒரு கட்டம் நகரும். ஒரு தட்டு, ஒரு கட்டம். இந்தப் பொதுப் பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மெஷினின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு தட்டுக்கு ஒரு கட்டம் என்பதால் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான் கிடைக்கும். 'ண' பெரிய குடும்பம், 'ர' தனிக்கட்டை. ஆனால் இருவருக்கும் ஒரே அளவு அறை. மெஷினில் அடித்த தமிழைப் பார்த்தால் 'ண', 'ஞ' எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். 'ர' பக்கத்தில் காற்றோட்டமாக இடம் கிடக்கும்.

இதுவரை பார்த்தது: டைப்ரைட்டர் ஒரு முத்திரைக் கூட்டம். முத்திரை ஒரே இடத்தில் விழும், தாள் நகரும். தாளை இழுப்பது சுருள்வில், ஒவ்வொரு கட்டமாக விடுவது எஸ்கேப்மென்ட், அதைத் தட்டுவது பொதுப் பட்டை. மொத்த முத்திரைகள் 92க்கு மேல் போகாது.

## 247ஐ உடைத்துப் பார்த்தால்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கூட்டினால் 247. கணக்கு சரிதான். ஆனால் இது ஒலிகளின் கணக்கு. கை வரைகிற வடிவங்களின் கணக்கு வேறு.

சிலேட்டில் எழுதக் கற்றுக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். 'கா' எழுத 'க' போட்டு ஒரு கால் இழுத்தோம். 'கெ' எழுத முதலில் கொம்பு போட்டு, பிறகு 'க' போட்டோம். 'கொ' என்றால் முன்னால் கொம்பு, நடுவில் 'க', பின்னால் கால். 'கௌ'வில் பின்னால் வருவது கால் அல்ல, சாட்சாத் 'ள'வேதான். 'க்' என்றால் தலையில் ஒரு புள்ளி.

அந்த வரிசையை எண்ணிப் பார்ப்போம். க முதல் ன வரை அகர வடிவங்கள் 18. இவற்றோடு ஏழே ஏழு துணைக் குறிகள்: புள்ளி, கால், மேல்விலங்கு, அதன் சுழித்த வடிவம், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்தின் இணைக்கொம்பு. மொத்தம் 25 வடிவங்கள். இந்த இருபத்தைந்தை மட்டும் வைத்துக்கொண்டு, உகர ஊகார வரிசைகள் நீங்கலாக உயிர்மெய் 180ஐயும் மெய் 18ஐயும் எழுதிவிடலாம். 198 எழுத்துகள்! 247இல் ஐந்தில் நான்கு பங்கு இருபத்தைந்து முத்திரைகளில் முடிந்துவிடுகிறது.

சின்ன விதிவிலக்குகள் உண்டு. 'டி', 'டீ' இரண்டிலும் குறி எழுத்தின் அடியிலிருந்து கிளம்புகிறது. தலையில் ஒட்டினால் அசிங்கமாக இருக்கும். அதனால் அவற்றுக்குத் தனி முத்திரை. மற்றபடி கணக்கு நிற்கும்.

ஆக, தமிழ் மெஷின் எழுத்துகளை அடிப்பதில்லை, எழுத்துகளின் துண்டுகளை அடிக்கிறது. தாளின் மேல் அவற்றைக் கூட்டி எழுத்தாக்குவது தட்டச்சரின் கை. ஆங்கில மெஷினில் எழுத்தை மாற்றி ஒட்டினார்கள் என்ற பேச்சு இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. ஒட்டுவது கொல்லர் வேலை. எதை ஒட்டுவது, எதை விடுவது, எந்த விரலுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இரா. முத்தையா இதில் மண்டையை உடைத்துக்கொண்டார். அவருடைய அமைப்பைக் கொண்டு 'பிஜோ' என்ற சிறிய தமிழ் மெஷின் ஜெர்மனியின் சைடல் அண்ட் நவ்மன் ஆலையில் உருவானது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைச் சொல்வது வெறும் உபசாரம் அல்ல.

## நகராத விசை

இப்போது சிக்கலுக்கு வருவோம். கால் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. அதற்குத் தனிக் கட்டம் கொடுத்தால் போதும். கொம்பு முன்னால் வருகிறது. அதற்கும் தனிக் கட்டம். ஆனால் புள்ளி? அது எழுத்தின் தலைமேல் இருக்க வேண்டும். அதே கட்டத்தில்.

'க' அடித்தவுடன் பொதுப் பட்டை தட்டுப்பட்டு கேரேஜ் நகர்ந்துவிட்டது. இனிப் புள்ளி அடித்தால் அது அடுத்த கட்டத்தில் அந்தரத்தில் தொங்கும். பேக் ஸ்பேஸ் என்ற பின்னகர்த்தும் விசையை ஒவ்வொரு முறையும் அமுக்கி, திரும்பி வந்து புள்ளி வைக்கலாம். தமிழில் ஒரு வரிக்கு எத்தனை மெய்யெழுத்துகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வேலை விடியாது.

விடை எளிது, ஆனால் அழகானது. புள்ளியின் டைப் பார் பொதுப் பட்டையைத் தொடாதபடி செய்துவிட்டார்கள். அது எழுந்து அடிக்கும், தாளில் புள்ளி விழும். ஆனால் பட்டை அசையாது, எஸ்கேப்மென்ட் தட்டுப்படாது, கேரேஜ் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்து 'க' அடித்தால் அதே கட்டத்தில், புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். பிறகுதான் வண்டி நகரும். இப்படி அடித்தும் நகராத விசைக்கு டெட் கீ என்று பெயர். செத்த விசை என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற விசைகளைவிட அதற்குத்தான் உயிர் அதிகம். இது தமிழுக்காகவே பிறந்த ஏற்பாடும் அல்ல. பிரெஞ்சு மெஷின்களில் உயிரெழுத்தின் தலையில் கூரை வைப்பதும் இந்த வகை விசையால்தான்.

இதிலிருந்து கிடைக்கும் விதியைக் கவனியுங்கள். சிலேட்டில் எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைத்தோம். மெஷினில் புள்ளியை வைத்துவிட்டு எழுத்தை அடிக்க வேண்டும். நெற்றி வருவதற்கு முன்பே பொட்டு வைப்பதைப் போல. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு முதல் நாள் போனவனுக்கு மூளை முறுக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அந்த முதல் நாள் பாடம் பலருக்கு இன்னும் வாயில் வரும்: "யளனகபக ட்மதாத". ஆங்கிலத்தில் 'ஏ எஸ் டி எஃப்' என்று தொடங்குவார்களே, அதன் தமிழ்த் தங்கை. பார்க்க அர்த்தமில்லாத உளறல். ஆனால் விரல்களின் கணக்கில் பாருங்கள். இடக்கைச் சுண்டுவிரலில் ய, அடுத்து ள, ன, க, ஆள்காட்டி விரல் ஒரு எட்டு எட்டி ப, மறுபடி க. வலக்கைச் சுண்டுவிரலில் இருப்பது புள்ளி. மோதிரவிரலில் ட. சுண்டுவிரல் முதலில் அடிக்கிறது, வண்டி நகரவில்லை. மோதிரவிரல் ட அடிக்கிறது, இரண்டும் சேர்ந்து 'ட்' ஆகிறது. பிறகு ம, த, கால், மறுபடி த. வலக்கையில் ஆறு தட்டு, தாளில் ஐந்து கட்டம். மெஷினின் முழு ரகசியத்தையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, அதைப் பத்து நாள் சொல்லாமலே வைத்திருந்தார்கள்!

நான் படித்த சிற்றூர் இன்ஸ்டிடியூட்டில் ஜன்னலோரம் ஒரு கிழட்டு மெஷின் இருந்தது. தாமதமாக வருகிறவனுக்கு அதுதான் வாய்க்கும். ஒருநாள் அதில் 'அம்மா' அடித்தேன். அ அடித்தேன், புள்ளி அடித்தேன், வண்டி ஒரு கட்டம் நகர்ந்துவிட்டது. தாளில் அகரம், பக்கத்துக் கட்டத்தில் அநாதையாக ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் மொட்டைத் தலையோடு இரண்டு மகரம். மாஸ்டர் வந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து, உள்ளே டார்ச் அடித்து, மூக்குக் குறடால் ஒரு மெல்லிய கம்பியைக் கொஞ்சம் நெளித்துவிட்டார். "பட்டையில உரசுது" என்றார். அவ்வளவுதான். மறுபடி அடித்தேன், புள்ளி மகரத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. பொதுப் பட்டை என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதுவரை பார்த்தது: தமிழ் மெஷின் துண்டுகளை அடிக்கிறது. முன்னால் வரும் கொம்புக்கும் பின்னால் வரும் காலுக்கும் தனிக் கட்டம். தலைமேல் நிற்கும் புள்ளிக்குக் கட்டம் கிடையாது, அது நகராத விசை. அதனால் புள்ளி முதலில், எழுத்து பிறகு.

## உகரம் என்ற தலைவலி

மற்ற குறிகள் எல்லாம் சாதுக்கள். எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஒரே உருவத்தில் வரும். உகரம் அப்படி இல்லை. 'கு'வைப் பாருங்கள், 'து'வைப் பாருங்கள், 'பு'வைப் பாருங்கள், 'மு'வைப் பாருங்கள். கீழே சுற்றுவது, பக்கத்தில் இறங்குவது, வளைந்து மேலேறுவது என்று ஆளுக்கொரு விதம். பொதுவான ஒட்டுக் குறி எதையும் செய்து வைக்க முடியாது.

இங்கே ஷிப்ட் கீ கைகொடுத்தது. ஆங்கிலத்தில் ஷிப்ட் என்றால் பெரிய எழுத்து. தமிழில் பெரிய எழுத்தே இல்லையே, அந்த இடம் காலி. எனவே க விசையில் ஷிப்ட் போட்டால் கு, த விசையில் து, ம விசையில் மு, ப விசையில் பு, ட விசையில் டு என்று வைத்துவிட்டார்கள். பழகிவிட்டால் மனப்பாடமே தேவையில்லை, விரல் தானாகப் போகும். 'தூ', 'நூ' போன்றவற்றுக்குக் குறில் வடிவத்தை அடித்து, பின்னால் இன்னொரு குறியைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் பார்த்த விசைப்பலகைச் சாமர்த்தியங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

## 'கொய்யா' அடிப்போம்

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சொல் அடித்துப் பார்ப்போம். 'கொய்யா'. முதலில் ஒற்றைக் கொம்பு, வண்டி நகர்கிறது. பிறகு க, நகர்கிறது. கால், நகர்கிறது. இப்போது 'கொ' முடிந்தது. அடுத்து புள்ளி, வண்டி நகரவில்லை. ய, நகர்கிறது. இன்னொரு ய, நகர்கிறது. கால், நகர்கிறது. ஏழு தட்டு, ஆறு கட்டம், மூன்று எழுத்து.

வாயால் சொல்லும்போது 'க்' முதலில், 'ஒ' பிறகு. கையால் அடிக்கும்போது 'ஒ'வின் பாதி முதலில், 'க' நடுவில், 'ஒ'வின் மீதி பின்னால். மெஷினுக்கு ஒலி தெரியாது. இடமிருந்து வலமாக எது கண்ணில் படுகிறதோ அந்த வரிசைதான் அதற்குத் தெரியும். கம்ப்யூட்டர் பக்கம் போகும்போது இது மறுபடி வரும்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். ஊர் வழக்கில் லோயர், ஹையர். "பொண்ணு ஹையர் முடிச்சிருக்கா" என்பது ஒரு காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லக்கூடிய தகுதி.

## அடித்தது அடித்ததுதான்

கீபோர்டும் டைப்ரைட்டரும் ஒன்றுதான் என்பவர்களுக்காக இந்தப் பகுதி. கீபோர்டு ஒரு செய்தியை அனுப்புகிறது. டைப்ரைட்டர் ஒரு அடி கொடுக்கிறது. அடிக்கு நினைவும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

பிரதி வேண்டுமென்றால் இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பன் தாள். ஒருபக்கம் மை பூசிய மெல்லிய தாள் அது. மேல்தாளில் விழும் அடியின் அழுத்தம் அந்த மையை அடித்தாளில் ஒற்றும். நான்கு பிரதி என்றால் கடைசித் தாளுக்கும் எட்டும்படி ஓங்கி அடிக்க வேண்டும். ஒரு தப்பு என்றால் நான்கு இடத்தில் ரப்பர் போட வேண்டும். மின்னஞ்சலில் இன்றும் 'சிசி' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது கார்பன் காப்பியின் சுருக்கம்தான்.

நூறு பிரதி வேண்டுமென்றால் ஸ்டென்சில். மெழுகு பூசிய தாள். ரிப்பனை விலக்கிவிட்டு வெறும் முத்திரையால் அடித்தால், எழுத்தின் உருவத்தில் மெழுகு விலகும். அதை மை உருளையில் மாட்டிச் சுற்றினால் விலகிய இடங்கள் வழியாக மை கசிந்து தாளில் படியும். சைக்ளோஸ்டைல் என்பது இதுதான். கெஸ்டட்னர், ரோனியோ என்று கம்பெனிப் பெயர்களே வேலையின் பெயராகிவிட்டன. "நூறு காப்பி ரோனியோ போடு" என்பார் மேலாளர். தப்பு அடித்துவிட்டால் நகப்பூச்சு வாசனை அடிக்கும் ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, அது காயும்வரை ஊதி, அதன் மேல் மறுபடி அடிக்க வேண்டும்.

புள்ளிக்கு இங்கேயும் ஒரு குணம் இருந்தது. 'க' என்ற முத்திரையில் அடியின் விசை முழு எழுத்துக்கும் பகிர்ந்து விழும். புள்ளியில் மொத்த விசையும் ஊசிமுனை அளவு இடத்தில் இறங்கும். அதே பலத்தோடு அடித்தால் ஸ்டென்சிலில் ஓட்டை விழுந்து, நூறு பிரதியிலும் மெய்யெழுத்துகளுக்கு மேல் மிளகு அளவில் மைப் பொட்டு வரும். பயந்து மெதுவாக அடித்தால் புள்ளியே விழாது. 'பட்டம்' 'படடம' ஆகிவிடும். அனுபவப்பட்ட தட்டச்சரின் வலக்கைச் சுண்டுவிரலுக்கு மட்டும் தனி எடை தெரியும்.

## எழுத்துச் சீர்திருத்தம் டைப்ரைட்டருக்காகவா?

பழைய புத்தகங்களில் 'ணா', 'றா', 'னா' மூன்றும் இன்று நாம் எழுதுவது போலக் கால் போட்டு வராது. எழுத்தே சுழித்துக்கொண்டு தனி வடிவம் எடுக்கும். 'ணை', 'லை', 'ளை', 'னை' நான்கும் முன்னால் இணைக்கொம்புக்குப் பதில் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழியோடு வரும். பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' இதழில் இவற்றைக் கைவிட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே காலும் இணைக்கொம்பும் போட்டு அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978இல்.

இதன் பலன் மேலே போட்ட கணக்கைப் பார்த்தாலே தெரியும். இருபத்தைந்து வடிவங்களில் 198 எழுத்து என்றேனே, பழைய முறையில் அந்தக் கணக்கு நிற்காது. ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஒரு முத்திரை தேவை. சீர்திருத்தம் மெஷினுக்கு நல்லது செய்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மெஷினுக்காகவே செய்தார்கள் என்பது குதிரையை வண்டிக்குப் பின்னால் பூட்டுவது. 1935இல் பெரும்பாலான தமிழ், அச்சுக் கோப்பவர் கையில்தான் இருந்தது. எழுதப் படிக்கக் கற்கும் பிள்ளைகளின் சுமையும் அந்த வாதத்தின் பெரிய பகுதி. தமிழ் மெஷின் அரசு அலுவலகங்களில் கணிசமாக இடம்பிடித்தது, 1956இன் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு கோப்புகள் தமிழுக்கு மாற மாறத்தான். இந்தியாவிலேயே டைப்ரைட்டர் தயாரிப்பை கோத்ரெஜ் தொடங்கியதும் அதே காலகட்டம், 1955.

## கம்ப்யூட்டருக்குள் புகுந்த மெஷின்

பழைய தமிழ்க் கோப்பு ஒன்றை எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறீர்களா? 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஜே, கே, பி, ஓ' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும். பலர் இதை வைரஸ் என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது டைப்ரைட்டரின் ஆவி. மெஷினில் த எந்த விரலில் இருந்ததோ, ஆங்கிலக் கீபோர்டில் அந்த விரலில் 'ஜே' இருக்கிறது. ம இருந்த இடத்தில் 'கே', மேல்விலங்குக்கு 'பி', ழகரத்துக்கு 'ஓ', சுண்டுவிரல் புள்ளிக்கு அரைப்புள்ளி. பாமினி போன்ற எழுத்துருக்கள், பழகிய விரல்களைக் கைவிடாமல் அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்டன. எழுத்துரு இல்லையென்றால் முகமூடி கழன்றுவிடும், அவ்வளவுதான்.

இதில் ஒரு மாற்றத்தை மட்டும் கவனியுங்கள். அந்த வரிசையில் புள்ளி கடைசியில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் கேரேஜ் இல்லை, எழுத்துரு பின்னால் எட்டிப்போய் முந்தைய எழுத்தின் தலையில் புள்ளி வைக்கும். எனவே மெஷினில் பழகியவர்கள் பாமினிக்கு வந்ததும், விரல்கள் அதே இடத்தில் இருந்தும், புள்ளியைப் பின்னால் போடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகை இந்த வழியையே விட்டுவிட்டது. அங்கே உயிரெழுத்துகள் ஒரு கைக்கு, மெய்வரிசை பெரும்பாலும் மறுகைக்கு. க அடித்து இ அடித்தால் கி. துண்டுகளைக் கூட்டுவது கையின் வேலை அல்ல, கம்ப்யூட்டரின் வேலை. இன்று எல்லாக் கருவிகளும் பின்பற்றும் யூனிகோடும் ஒலி வரிசையைத்தான் சேமிக்கிறது. 'கொ' என்றால் முதலில் க, அதன் பின் ஒகரக் குறி. கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைப்பது திரையில் காட்டும்போது மட்டும்.

கைபேசியில் நானும் இப்போது தமிழ்99தான். ஆனாலும் அவசரமாக அடிக்கும்போது பழைய விரல் ஜெயித்துவிடும். நேற்று பேத்திக்கு 'சரி ம்மா' என்று அனுப்பப்போய், மகரத்துக்கு முன்பே புள்ளியைத் தட்டிவிட்டேன். திரையில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றியது, அதன் தலைமேல் என் புள்ளி. எழுத்து இல்லாமல் குறி மட்டும் வந்தால் யூனிகோடு இப்படி ஒரு வெற்று வட்டத்தைப் போட்டுக் காட்டும். நான் கொஞ்சம் காத்திருந்தேன், பழைய ஞாபகத்தில். பிறகு மகரத்தை அடித்தேன். அது வட்டத்துக்குள் போய் உட்காராமல் பக்கத்தில் போய் நின்றது. அழித்துவிட்டு, முதலில் ம அடித்தேன்.